அக்கா பாட்டில் ஒரு மலையாளச் சொல்

பிள்ளைகளா, உங்கள் ரெண்டு பேருக்கும் மலையாளம்தான் வேகமாக வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு எழுத வருவது தமிழ் ஒன்றுதான். அதுவும் எட்டாங்கிளாசோடு நின்றுபோன தமிழ். மெதுவாக எழுத்துக் கூட்டிப் படியுங்கள். புரியாத இடத்தில் அக்காவைக் கேளுங்கள். அம்மாவைக் கேட்க வேண்டாம்.

அன்றைக்குச் சின்னவன் கேட்டான். அக்கா காலேஜில் பாடின வீடியோவை யாராவது போட்டால் அம்மா ஏன் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறாள் என்று. நடுவில் அக்காவுடைய சத்தம் மட்டும் காணாமல் போய்த் திரும்ப வருகிறதே, மைக் கேடாகிவிட்டதா என்றும் கேட்டான். மைக் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு மைக் செட் போட்டவனே நான்தான். என்ன நடந்தது என்று சொல்கிறேன். சிரிக்கிற மாதிரிக் கதை இல்லை. ஆனாலும் வேறு யாராவது அரைகுறையாகச் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நான் சொல்வது நல்லது.

உங்கள் மாமாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர்களுடைய அப்பா அம்மா இறந்த பிறகு அவள்தான் அவனை வளர்த்தாள். கம்பத்தில் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவன், மட்டாஞ்சேரிக்கு வருகிற வரைக்கும் கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். இங்கே வந்து ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிற வேலையில் சேர்ந்தான். அப்புறம் பரோட்டா அடித்தான்.

அவன் வந்த புதிதில் உங்கள் அக்கா சின்னக் குழந்தை. ஒருநாள் வாசலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். பக்கத்து வீட்டுச் சேச்சி ஓடிவந்து தூக்கிக்கொண்டு, "கரயண்ட மோளே, கரயண்ட" என்றாள். அழாதே என்று அர்த்தம். மாமாவுக்கு அப்போது மலையாளத்தில் சாயா, சோறு தவிர வேறொன்றும் தெரியாது. உள்ளே ஓடிப்போய் அடுக்களையில் உருட்டினான். அம்மா, "என்னடா தேடுறே?" என்றாள்.

"கறை அண்டாவாம்க்கா. அந்தச் சேச்சி கேக்குறாங்க. எந்த அண்டால கறை இருக்கு? குடு, தேய்ச்சிடறேன்."

அம்மா சிரித்த சிரிப்பில் அழுதுகொண்டிருந்த குழந்தையும் வாயை மூடிவிட்டது. நாள் முழுக்க ஹோட்டலில் அண்டா தேய்க்கிறவனுக்கு வேறெப்படிக் காதில் விழும்? அதிலிருந்து உங்கள் அக்கா எப்போது அழுதாலும் மாமா, "எங்கேடி அந்தக் கறை அண்டா? கொண்டா, தேய்ப்போம்" என்று அவள் முதுகைத் தேய்ப்பான். அவள் பெரியவளாகி, காது குத்தின மாமனே சீர் கொண்டுவந்து உட்காரவைத்த நாளிலும் அதையே சொன்னான். அவள் வெட்கத்தில், "போ மாமா" என்றாள்.

பிறகு அவன் தோப்பும்படி ஹார்பரில் ஒரு மீன்பிடி போட்டில் சமையல்காரனாகச் சேர்ந்தான். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"உனக்கு நீந்தக்கூடத் தெரியாதேடா."

"நான் மீன் பிடிக்கவாக்கா போறேன்? சாம்பார் வெக்கப் போறேன். சாம்பார்ல நீந்தணுமா?"

அப்படித்தான் பேசுவான். கரைக்கு வருகிற நாளெல்லாம் நம் வீட்டுக்கு மீன் வரும். உங்களை ரெண்டு தோளிலும் தூக்கிக்கொண்டு பஜார் ரோட்டில் நடப்பான். உங்களுக்கு நினைவிருக்காது.

ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் அந்த போட் கடலுக்குப் போனது. காற்று எழும்பும் என்று சொல்லி மற்ற போட்டுகள் திரும்பிவிட்டன. இது திரும்பவில்லை. தேடப் போனவர்கள் சிலரை உயிரோடு கொண்டுவந்தார்கள். மாமா அதில் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

தப்பி வந்தவர்களில் ஒரு ஆள் வீட்டுக்கு வந்தான். அவனும் தமிழ்நாட்டுக்காரன்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே பேசினான். மீன் வைக்கிற பெட்டியைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கிடந்தார்களாம். உங்கள் மாமாவும் கொஞ்ச தூரத்தில் ஏதோ பலகையைப் பிடித்திருந்தானாம். அலை மேலே தூக்கும்போது தெரிவானாம். இறங்கும்போது மறைவானாம்.

"எங்களைப் பாத்து என்னமோ கத்தினாருக்கா. வாய் அசையறது தெரிஞ்சது. காத்துல சத்தம் கேக்கலை. அப்புறம் ஒரு அலை வந்துச்சு, அதுக்கப்புறம் காணலை."

அவன் போன பிறகு கம்பத்திலிருந்து அம்மாவுடைய சித்தப்பா போன் செய்தார். ஆக வேண்டிய காரியத்தைச் செய்துவிடலாம், ஆத்மா அலையக் கூடாது என்றார். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

"சத்தம் கேக்கலைன்னுதானே அவன் சொன்னான்? செத்துட்டான்னா சொன்னான்?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் காரியம் என்ற பேச்சை எடுக்கவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை, படத்தையே எடுத்து மாட்டவில்லை. மாமா தூரத்துக் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறான் என்றுதான் உங்களுக்குச் சொல்லியிருந்தோம். அது அம்மா சொல்லச் சொன்னது. கொஞ்ச நாள் போனதும் அவளே அதை நம்பினாளோ என்னவோ. எங்கேயோ ஒரு கரையில் ஒதுங்கி, பாஷை தெரியாமல் ஒரு ஹோட்டலில் அண்டா தேய்த்துக்கொண்டிருக்கிறான், ஒருநாள் வந்துவிடுவான் என்று அவளுக்கு ஒரு எண்ணம். நான் மறுத்துப் பேசவில்லை. எதை வைத்து மறுப்பது?

இப்படியே வருஷங்கள் போயின. அக்கா காலேஜில் சேர்ந்தாள்.

அங்கே இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகள் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தில் எழுதின பழைய கவிதைகளை எடுத்து, இந்தக் காலத்து இசையில் போட்டுப் பாட வேண்டும். ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு கவிதை. அக்கா வந்து சொன்னபோது, கவிதையை எதற்கு இசையில் போட வேண்டும், அது பாட்டாக இருந்திருந்தால் அவர்களே பாடியிருப்பார்களே என்று கேட்டேன். "அப்பா, தேவாரத்தை எழுதினவங்க கூடத்தான் இல்ல. இன்னிக்கு யாரோ பாடலையா? கேட்டா நமக்குள்ள போகுதில்ல?" என்றாள். சரிதான் என்று தோன்றியது.

நான் வேலை செய்கிற மைக் செட் கடை உங்களுக்குத் தெரியும். முன்பு சுக்கு மூட்டை வைத்திருந்த குடோன், ஸ்பீக்கர் பெட்டிகளில் இப்போதும் சுக்கு மணம் அடிக்கும். முதலாளிச் சேட்டனிடம் கேட்டு, சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் அங்கே பாடிப் பழக இடம் வாங்கிக் கொடுத்தேன். கிட்டாருக்கு ஒரு பையன், கீபோர்டுக்கு ஒரு பெண், மேலே உட்கார்ந்துகொண்டு தட்டுகிற மரப்பெட்டிக்கு இன்னொரு பையன். "பெட்டிதான் வேணும்னா சொல்லியிருக்கலாமே தம்பி, இங்கே எத்தனை கிடக்கு" என்றேன். அவன் சிரித்துவிட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு தொண்டை என்றான்.

அவர்கள் எடுத்த கவிதை என்ன என்று அக்கா ஒருநாள் வீட்டுக்கு வருகிற வழியில் சொன்னாள். கடலோர ஊர் ஒன்று. தம்பி படகில் போய்விட்டான். அவனுடைய அக்கா சாயங்காலம் ஆனால் விளக்கை எடுத்துக்கொண்டு கரைக்குப் போகிறாள். வருகிற படகு ஒவ்வொன்றிலும் கேட்கிறாள். படகுக்காரர்கள் வலையைப் பார்க்கிறார்கள், அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. இவ்வளவுதான் கவிதை.

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். "இதை யாரு எடுத்தது?"

"நான்தான்ப்பா. மிஸ் நிறைய குடுத்தாங்க. இதை நான் எடுத்தேன்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"இங்கிலீஷ்தானேப்பா."

அந்தக் காலத்தில் அங்கேயும் இப்படிப் படகுகள் நிறைய மூழ்கிப் போயினவாம். எடுத்துப் புதைக்க ஒன்றும் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள், அதற்காகவே நிறையப் பேர் எழுதினார்கள் என்று மிஸ் சொன்னார்களாம். அக்கா அதை எனக்குச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கவிதையின் வரிகளை மாற்றக் கூடாது, ஆனால் நடுவே திரும்பத் திரும்ப வருகிற மாதிரி ஒரு சொல்லை உங்கள் சொந்தப் பாஷையில் போட்டுக்கொள்ளலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார்கள். அக்கா போட்ட சொல், "கரயண்ட". அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிட்டார் பையன் அதற்கு மெட்டுப் போட்டான். இங்கிலீஷ் வரியில் நடுவே ஒரு இடத்தில் மூச்சு விட நிற்க வேண்டுமாம். அதே மாதிரி இதையும் நிறுத்தினான். "கரை" என்று நீட்டி, நிறுத்தி, அலை ஒன்று வந்து போகிற அளவுக்குக் கிட்டாரை மட்டும் விட்டு, அப்புறம் "யண்டா" என்று இறக்கினான்.

சேட்டன் கல்லாப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சாவு அறிவிப்புக்கு ஆட்டோவில் குழாய் கட்டி அனுப்புகிற கடையும் இதுதான். "எடோ அண்ணாச்சீ, இது பாட்டோ மரண அறியிப்போ? நம்ம ஆட்டோல வெச்சு விட்டா செத்தவனும் எழுந்து வந்து கேப்பான்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அக்கா வீட்டிலும் பாடிப் பார்ப்பாள். இங்கிலீஷ் என்பதால் அம்மா கவனிக்கவில்லை. ஒருநாள் அந்தி நேரத்தில், அம்மா சாமி முன்னால் திரியைத் திரித்துக்கொண்டிருந்தாள். அக்கா துணி மடித்துக்கொண்டே அந்த மலையாளச் சொல் வருகிற இடத்தைப் பாடினாள். நான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கையில் திரியோடு திரும்பினாள்.

"என்னடி பாடினே?"

"காலேஜ் பாட்டும்மா."

"என்ன சொன்னே அதுல? சொல்லு."

"கரயண்டம்மா. அழாதேன்னு. உனக்குத் தெரியாதா?"

"சொல்லாதே. பாடு. பாடினியே, அப்படியே பாடு."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு பாடினாள். கரை... என்று நீட்டி, நிறுத்தி, அண்டா என்று முடித்தாள். அன்றைக்குத்தான் எனக்கும் காதில் விழுந்தது. அதுவரை அது எனக்கு மலையாளமாகத்தான் கேட்டது.

"கரை அண்டா" என்றாள் அம்மா. "கரை அண்டமாட்டான்னு பாடுறே. விளக்கு வெக்கிற நேரத்துல. என் தம்பி கரை அண்டமாட்டான்னு எம்மக வாயாலயே."

"ஐயோ அம்மா, அது மலையாளம்மா! மீன்காரிகிட்ட தெனமும் பேசறியே, அந்த மலையாளம்!"

"பேசினா மலையாளம். நீ பாடறது தமிழா இருக்குடி."

உங்களுக்கும் தெரியும், அந்தி நேரத்தில் வீட்டில் தப்பான வார்த்தை வரக் கூடாது என்பதில் அம்மா எவ்வளவு கண்டிப்பு என்று. அரிசி தீர்ந்துவிட்டது என்றுகூடச் சொல்லவிடமாட்டாள், நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

"அது மாமாவோட அண்டாம்மா" என்றாள் அக்கா. "கறை அண்டா. மாமா என் முதுகைத் தேய்ப்பாரே. அதுக்காகத்தான் போட்டேன்."

"அவன் வந்து தேய்ப்பான். அப்ப பாடு."

"வரமாட்டாரும்மா."

நம் வீட்டில் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் உங்கள் அக்காதான். நானும் சொன்னதில்லை. அம்மா அடிக்கப் போகிறாள் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். அவள் அடிக்கவில்லை. திரியைத் தட்டிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் விளக்கு ஏற்றவில்லை.

அதற்குப் பிறகு நான் ரெண்டு பக்கமும் நடந்தேன். குடோனில் அந்தப் பையனிடம் மெட்டை மாற்ற முடியுமா என்று கேட்டேன். நல்ல பையன், முகம் கோணாமல் முயற்சி செய்தான். நடுவில் நிறுத்தாமல் சேர்த்துப் பாடிப் பார்த்தார்கள். அவசரமாகப் போகிற ஆட்டோ ஹார்ன் அடிக்கிற மாதிரி இருந்தது. அடுத்த இங்கிலீஷ் வரிக்கு மூச்சு எடுக்க இடமும் இல்லை. இங்கிலீஷ் மிஸ் ஒருநாள் வந்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பாட்டையே மாத்திடலாமா மோளே?" என்று மட்டும் கேட்டார்கள். அக்கா மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"தமிழ்லயே அழாதேன்னு போட்டுடேன்" என்றேன் நான். "அதுவும் அதே அர்த்தம்தானே."

"அழாதேன்னு மாமா என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லப்பா."

அம்மாவிடம் போனால் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். ரெண்டு பேரும் ஒரே அடுக்களையில் நின்று, உப்பு எங்கே என்பதைக்கூட உங்கள் மூலமாகக் கேட்டுக்கொண்டார்கள். அது உங்களுக்கு விளையாட்டாக இருந்தது.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் அம்மாவே என்னிடம் வந்தாள். "நாளைக்கு மைக் செட் நீங்கதானே?"

"ஆமா."

"நானும் வரேன். அவ பாடட்டும். நான் தடுக்கலை. ஆனா அந்த வார்த்தை வர்ற எடத்துல சத்தத்தைக் கொறச்சிடுங்க."

"எப்படிம்மா, எல்லாரும் கேட்டுட்டு இருக்கும்போது?"

"கொறைக்க முடியுமா முடியாதா?"

"முடியும்."

"அப்ப கொறைங்க. அவ வாய்க்குள்ள என்ன வேணா சொல்லிக்கட்டும். மைக்குல வேணாம். மைக்குல சொன்னா அது ஊருக்கே சொன்ன மாதிரி."

ஊர் என்று அவள் சொன்னாலும் எனக்குக் கடல் என்றுதான் கேட்டது. சரி என்றேன்.

பள்ளுருத்தி தாண்டி இருக்கிறது அந்தக் காலேஜ். உங்களைச் சேச்சி வீட்டில் விட்டுவிட்டு அம்மா வந்தாள். ஹாலின் பின்பக்கம் நான் மிக்சர் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். மிக்சர் என்றால் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சின்னக் குமிழ், மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். அக்கா மைக்கின் குமிழ் எது என்று அம்மா கேட்டாள். காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் ஒரு குரூப் ரோஜாப்பூவைப் பற்றின கவிதைக்குச் செண்டை வைத்து அடித்தார்கள். ரோஜா என்ன, தேங்காயே உதிர்ந்திருக்கும். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். இன்னொரு குரூப் குருவிக் கவிதையை வேகவேகமாகப் பேச்சு மாதிரிப் பாடியது. அப்புறம் அக்கா வந்தாள். வெள்ளைச் சுரிதார். மரப்பெட்டியில் மெதுவாக ஒரு தட்டு, கிட்டாரில் ஒரு இழுப்பு. ஹால் அடங்கிப் போனது.

முதல் அடியைப் பாடினாள். அம்மா என் பக்கம் சாய்ந்து, "என்ன சொல்றா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "தம்பி படகுல போயிட்டான். அக்காக்காரி விளக்கோட கரையில நிக்கிறா."

அம்மா முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த இடம் வந்தது. நான் குமிழைக் கீழே இழுத்தேன்.

கிட்டார் கேட்கிறது. பெட்டி கேட்கிறது. அக்கா மேடையில் வாயைத் திறந்து பாடுகிறாள், கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, கை மைக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சேட்டன் ஓரத்திலிருந்து, "எந்தா அண்ணாச்சீ, வயர் போயோ?" என்று பதறி ஓடிவந்தார். அக்கா நிறுத்தவில்லை. எங்களையே பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாய் தெரியுது" என்றாள். "வாய் தெரியுதுங்க. சத்தம் கேக்கலை."

எனக்கு உடனே புரியவில்லை. அப்புறம்தான் நினைவு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஆள் சொன்னது.

"ஏத்துங்க. ஐயோ, ஏத்துங்க!"

நான் தள்ளுவதற்குள் அவளே என் விரல் மேல் விரலை வைத்து அந்தக் குமிழை மேலே தள்ளினாள். மேலே வரைக்கும் தள்ளிவிட்டாள். "அண்டா" என்று உங்கள் அக்காவின் குரல் ஹால் முழுக்க விழுந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் கொஞ்சம் இறக்கிச் சரி செய்தேன். நீங்கள் வீடியோவில் பார்ப்பது அதுதான்.

மீதிப் பாட்டில் அந்தச் சொல் வந்த போதெல்லாம் முழுச் சத்தத்தோடு கேட்டது. அம்மா கையை என் கை மேலிருந்து எடுக்கவில்லை. அழவும் இல்லை. பாட்டு முடிந்து எல்லாரும் எழுந்து நின்று தட்டினபோது, அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வருகிற ஆட்டோவில் அம்மா நடுவில். கொஞ்ச தூரம் போனதும் அக்காவிடம், "நான்தான் கொறைக்கச் சொன்னேன். அப்பாவை ஒண்ணும் சொல்லாதே" என்றாள்.

"தெரியும்மா. நீ குமிழையே பாத்துட்டு இருந்தியே. மேடையிலேர்ந்து தெரிஞ்சது."

"சத்தம் போனது தெரிஞ்சுமா பாடினே?"

"நிறுத்தினா நீ வேணாம்னு சொன்னதுக்கு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே."

"திமிரு" என்றாள் அம்மா. அவள் தம்பியைத் திட்டுகிற குரல் அது. பிறகு கேட்டாள். "அந்தக் கவிதைல கடைசில அவ என்ன பண்றா?"

"விளக்கை அணைச்சிட்டு வீட்டுக்குப் போயிடறா."

"தம்பி?"

"வரலை."

"வேற ஒண்ணும் கெடைக்கலையா அவளுக்கு? சட்டை, செருப்பு, ஏதாவது?"

"இல்லம்மா."

தோப்பும்படி ஜங்ஷனில் ஆட்டோ நின்றது. ஹார்பர் பக்கத்திலிருந்து மீன் வாடையும் டீசல் வாடையும் வந்தது. அம்மா அந்தப் பக்கம் பார்த்தாள். அந்த வழியாகப் போகும்போது அவள் அதுவரை அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பினதே இல்லை.

"என்னமோ கத்தினான்னு சொன்னானே அந்த ஆளு. என்னத்தைக் கத்தியிருப்பான்?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆட்டோ கிளம்பின பிறகு, "காரியத்தை ஆலுவாயில செஞ்சிடலாம். சித்தப்பாவுக்குச் சொல்லிடுங்க" என்றாள்.

சித்தப்பா, பொம்பளை எப்படிச் செய்வாள், நான் வந்து செய்கிறேன் என்றார். வளர்த்தவள் நான், நான்தான் செய்வேன் என்று அம்மா போனை வைத்துவிட்டாள். ஆலுவாவில் அதை யாரும் கேட்கவும் இல்லை. பெரியாற்று மணலில் அங்கே பெண்களும் உட்கார்ந்து பிண்டம் வைக்கிறார்கள், பலி என்பார்கள்.

நீங்கள் ஒருமுறை ரயிலில் ஆலுவா கோவிலுக்குப் போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா, அது இதற்குத்தான். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரிக் கட்டி முதலில் எரிக்க வேண்டுமாம். பூசாரி கட்டினார். கை, கால், தலை என்று புல்லை முறுக்கி முறுக்கிக் கட்டினார். மாமா பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். அம்மா சொன்னாள். எரிந்து முடியச் சாயா ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு வருஷம் அவள் ஒத்துக்கொள்ளாத காரியம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துபோனது. எனக்குத் தாங்கவில்லை, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

பிறகு சோற்று உருண்டையை வாழையிலையில் வைத்து ஆற்றில் விடச் சொன்னார். அம்மா முட்டி வரை இறங்கி விட்டாள். அன்றைக்கு ஆற்றில் ஓட்டமே இல்லை. இலை ஒரு வட்டம் சுற்றிவிட்டு அவள் காலடிக்கே வந்தது. தள்ளிவிட்டாள். மறுபடியும் வந்தது. பூசாரியின் ஆள் நீளமான குச்சியை எடுத்துக்கொண்டு வந்தான். அம்மா வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, இடுப்பு வரை இறங்கிப் போனாள். "மதி சேச்சி, மதி, ஆழம் உண்டு" என்று பூசாரி கத்தினார், போதும் என்கிறார். அக்கா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுரிதாரோடு இறங்கி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேருமாக ஓட்டம் இருக்கிற இடம் வரை அந்த இலையைக் கையால் நகர்த்திக்கொண்டு போய் விட்டார்கள்.

நான் உங்கள் ரெண்டு பேரையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்றேன். அந்த இலை எங்கே போகுது என்று சின்னவன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. கடலுக்குத்தான் போகிறது.